யோகாசனம்: பழகப் பழக எளிதாகுமா?

"மிஸ், இது எப்போதுதான் ஈஸியாகும்?"

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் இப்படிக் கேட்டாள். கேட்டது வகுப்பறையில் அன்று. நம் பள்ளி மண்டபத்தில், சனிக்கிழமைக் காலை யோகாசன வகுப்பில், கடைசி வரிசையில். அவளும் நானும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் கால் நீட்டி உட்கார்ந்து, எட்டாத கால்விரலை எட்டிப் பிடிக்க மூச்சு வாங்கிக் கொண்டிருந்தோம். எனக்குப் பாடம் தமிழ். யோகத்தில் நானும் அவளைப் போலவே இரண்டாம் வார மாணவி. வயதில் மூத்தவள் என்பதால் விடை தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாள் போலும். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான்கு மாதப் பழக்கத்திலும், படித்ததிலும், கேட்டதிலும் தெரிந்து கொண்டதை இந்த மலரில் எழுதுகிறேன். கேட்டவளும் படிப்பாள் என்று நம்புகிறேன்.

நான் சேர்ந்த காரணம் பெரிய ஞானத் தேடல் ஒன்றுமில்லை. முழங்கால் வலிதான். நாளொன்றுக்கு ஆறு பீரியட் நின்று பாடம் எடுப்பது, மாடிப்படி, ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி வரும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பெரும்பாலும் நின்றே பயணம், இவையெல்லாம் 22 ஆண்டுகளாகச் சேர்ந்து கொண்டன. "ஆசிரியைகளும் விரும்பினால் சேரலாம்" என்று சிஸ்டர் சொன்னதும் கை தூக்கிவிட்டேன்.

முதல் நாள் நின்றபடி, முழங்காலை மடக்காமல், குனிந்து பாதத்தைத் தொடச் சொன்னார்கள். என் விரல் முழங்காலுக்குச் சற்றுக் கீழே போய் நின்றுவிட்டது. முன் வரிசையில் ஆறாம் வகுப்புச் சிறுமிகள் உள்ளங்கையையே தரையில் பதித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். போதாக்குறைக்கு நான் வீட்டிலிருந்து கொண்டு போன கோரைப்பாய் மொசைக் தரையில் வழுக்கிக் கொண்டே போயிற்று. (கோரைப்பாய் படுப்பதற்கு நல்லது, நின்று செய்யும் ஆசனத்துக்கு ஆகாது. கனமான ஜமுக்காளம் பரவாயில்லை. நின்று செய்யும் ஆசனங்களுக்கு வெறும் தரையே உத்தமம்.) அடுத்த இரண்டு நாள் படி இறங்கும்போதெல்லாம் தொடை கடுத்தது. திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறுகையில், "இதெல்லாம் நமக்கு வேண்டாத வேலை" என்றுதான் தோன்றியது.

புதிதாகச் சேருவோர் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். ஆகவே அந்த வலியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். பழக்கமில்லாத வேலையைத் தசைக்குக் கொடுத்தால் அதன் இழைகளில் மிக நுண்ணிய சேதம் உண்டாகிறது. உடம்பு அதைச் சரி செய்கிற நேரத்தில் கடுப்பு தெரிகிறது. செய்த அன்று அது இருக்காது. ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை கூடி, பிறகு தானே அடங்கும். அதே பயிற்சியை மறுபடி செய்தால் அடுத்த முறை கடுப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இந்தக் கடுப்பு வேறு, மூட்டுக்குள் ஊசி குத்துவது போன்ற வலி வேறு. பின்னது வந்தால் உடனே நிறுத்த வேண்டும். பல்லைக் கடித்துக் கொண்டு செய்வது யோகமாகாது.

இனி, கை ஏன் பாதத்தை எட்டவில்லை? தசை குட்டையாக இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். முழு உண்மை அதுவன்று. நம் தசைக்குள்ளே நீட்சியை அளந்து பார்க்கும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. தசை சடக்கென்று நீளும்போது அவை தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, தசை தன்னைக் காத்துக் கொள்ள இறுகுகிறது. எம்பி எம்பிக் குனிந்தால் பலனில்லாமல் போவதற்கு இதுவே காரணம். மெதுவாகக் குனிந்து, அங்கேயே மூச்சு விட்டுக் கொண்டு நின்றால் இறுக்கம் தளரும். சில வாரப் பயிற்சியில் மூளையும் நரம்பும், "இவ்வளவு தூரம் போனால் ஆபத்தில்லை" என்று ஏற்றுக் கொள்கின்றன. 3 வாரம் முதல் 8 வாரம் வரையிலான நீட்சிப் பயிற்சிகளை ஆராய்ந்தவர்கள், அக்காலத்தில் கிடைக்கும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி தசை நீண்டதால் வருவதில்லை, நீட்சியைப் பொறுக்கும் அளவு கூடியதால் வருவது என்கிறார்கள். அதாவது, முதலில் விட்டுக் கொடுப்பது அச்சமே!

ஆகவே மாணவி கேட்ட கேள்விக்கு முதல் விடை: ஆம், உடம்புக்கு எளிதாகும். நாம் நினைப்பதைவிடச் சீக்கிரமாகவே எளிதாகும். ஆறாவது வாரத்தில் என் விரல் கணுக்காலைத் தொட்டது. ஆனால் நடுவில் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்த வேண்டுமென்று இரண்டு வாரம் போகாமல் இருந்தேன். திரும்பிப் போனபோது கணுக்கால் மறுபடி வெகு தூரத்தில் இருந்தது.

நம்மைப் போன்றவர்களுக்கு ஆறுதல் தருவது பி. கே. எஸ். ஐயங்காரின் கதை. கர்நாடகத்துப் பெள்ளூரில் 1918 டிசம்பர் 14 அன்று, விஷக் காய்ச்சல் உலகெங்கும் பரவிய நேரத்தில், பிறந்தவர் அவர். இளமையில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்தது. 1934இல் தம் அக்காள் வீட்டுக்கு மைசூர் போனார். அக்காளின் கணவர்தான் அரண்மனை ஆதரவில் யோகசாலை நடத்திய டி. கிருஷ்ணமாச்சாரியார். அப்போது தாம் குனிந்தால் கை முழங்காலுக்குக் கீழே போகாது என்று ஐயங்காரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது! உடம்பு தயாராவதற்கு முன்பே ஹனுமனாசனம் செய்து தொடைத் தசை கிழிந்து நெடுநாள் அவதிப்பட்டவரும் அவர்தான். அவசரம் வேண்டாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. 1966இல் அவர் எழுதிய ஆசன நூல் உலகம் முழுவதும் பரவியது. 90 வயதைக் கடந்த பின்னும் நாள்தோறும் பயிற்சி செய்து, 2014 ஆகஸ்ட் 20 அன்று காலமானார். எளிதாகிவிட்டது என்று அவர் என்றைக்கும் நிறுத்தவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக் கொள்ளுங்கள். இதற்குப் பிறகு வருவேன்.

ஆசனத்துக்கு அடுத்தபடியாகப் புதியவரைத் தடுமாற வைப்பது மூச்சு. கையை உயர்த்தும்போது இழுக்க வேண்டும், குனியும்போது விட வேண்டும். நானோ குனியும்போது மூச்சைப் பிடித்துக் கொண்டேன். முகம் சிவந்ததுதான் மிச்சம். சும்மா இருக்கும்போது வளர்ந்தவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடுகிறோம். அது 6 அளவுக்கு நிதானமாகி, வெளிமூச்சு நீளும்போது, வேகஸ் என்னும் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு சற்று அடங்குகிறது. மனப் படபடப்பும் குறைகிறது. பரீட்சைக்கு முன் கை நடுங்கும் மாணவியர் இதை ஐந்து நிமிடம் செய்து பார்க்கலாம். மூச்சை உள்ளே அடக்கி நிறுத்தும் பயிற்சி வேண்டாம். அது ஆசிரியர் பக்கத்தில் இருந்து, வெகுநாள் கழித்துக் கற்க வேண்டியது.

இதில் ஒரு வேடிக்கையான செய்தி உண்டு. இத்தாலி நாட்டில் பெர்னார்டி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 23 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து, 2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தவை இரண்டு: ஒன்று யோக மந்திரம், மற்றொன்று லத்தீன் மொழியில் சொல்லும் செபமாலை! இரண்டுமே சொல்பவரின் மூச்சை நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 என்ற அளவுக்குக் கொண்டு வந்தன. இதயத்தின் தாளமும் இரத்த அழுத்தத்தைச் சீர்ப்படுத்தும் அமைப்பும் நல்ல விதமாக மாறின. செபத்தின் நோக்கம் மூச்சன்று என்பது யாவரும் அறிந்ததே. ஆனாலும் அக்டோபர் மாதம் மாலையில் நம் சிற்றாலயத்தில் ஒரு பக்கம் பாதியும் மறு பக்கம் பாதியுமாகச் செபமாலை சொல்லும் மாணவியர், தாங்கள் அறியாமலே ஒரு மூச்சுப் பயிற்சியும் செய்கிறார்கள். அங்கே முழந்தாளிட்டு, பிறகு குதிகால்மேல் அமருகிறீர்களே, அதற்கு யோகத்தில் வஜ்ராசனம் என்று பெயர். முதல் வகுப்பிலேயே நம் பிள்ளைகள் பலர் அதில் தேர்ச்சியுடன் அமர்ந்ததன் இரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த இடத்தில் பெற்றோர் கூட்டத்தில் ஒரு தாய் கேட்டதைச் சொல்லியாக வேண்டும். "டீச்சர், என் பெண் யோகாசனம் செய்கிறாள். அது நம் விசுவாசத்துக்கு விரோதமில்லையா?" என்று அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த நான் அதற்கு விடை சொல்வது முறையன்று என்று சிஸ்டரிடம் அழைத்துப் போனேன். சிஸ்டர் 1989 அக்டோபர் 15 அன்று, அவிலா தெரசம்மாள் திருநாளில், உரோமையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறிஸ்தவத் தியானம் பற்றி ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் காட்டினார். உடம்பை வைத்திருக்கும் நிலை மனம் ஒன்றிச் செபிக்கத் துணை செய்யும் என்பதை அக்கடிதம் ஒப்புக் கொள்கிறது. அதே சமயம், உடம்பையே வழிபடுகிற நிலைக்கு அது போய்விடலாம் என்றும், உடம்பில் தோன்றும் இதமான உணர்ச்சியைத் தூய ஆவியின் ஆறுதல் என்று மயங்கக் கூடாது என்றும் எச்சரிக்கிறது. சிஸ்டர் அந்தத் தாயிடம் சொன்னது இவ்வளவுதான்: "முதுகு நிமிர்வதை முதுகு நிமிர்வது என்றே வைத்துக் கொள்ளுங்கள். செபத்தைச் செபமாகவே வைத்துக் கொள்ளுங்கள்." அந்தப் பெண் வகுப்பில் தொடர்கிறாள்.

இந்தக் கேள்வி நம் ஊர்ப் பக்கத்துக்குப் புதிதுமன்று. திருச்சியிலிருந்து காவிரியை ஒட்டிக் கரூர் சாலையில் போனால், குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் இருக்கிறது. பிரெஞ்சு நாட்டுக் குருக்களான மோன்ஷானின் அடிகளாரும் லெ சோ அடிகளாரும் 1950 மார்ச் 21 அன்று அந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். லெ சோ அடிகளார் அபிஷிக்தானந்தர் என்று பெயர் வைத்துக் கொண்டு, காவி உடுத்தி வாழ்ந்தார். 1968இல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிபித்ஸ் அங்கே பொறுப்பேற்று, 1993இல் மறையும்வரை வழிநடத்தினார். காலையும் மாலையும் காவிரிக்கரையில் தியானம் அங்கே அன்றாட ஒழுங்கு. அவர் காலத்தில் சுவாமி அமல்தாஸ் என்ற துறவி யோகாசனமும் கற்பித்தார். மும்பையில் ஐயங்காரின் மாணவரான ஜோ பெரைரா என்ற கத்தோலிக்கக் குரு, 1981இல் கிருபா அறக்கட்டளையைத் தொடங்கி, குடிப்பழக்கத்துக்கு அடிமையானவர்களை மீட்க யோகத்தைப் பயன்படுத்தி வருகிறார். 2009இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

சரி, உடம்பு எளிதாகும், மூச்சு எளிதாகும். அப்படியானால் எல்லாமே எளிதாகிவிடுமா என்றால், இங்கேதான் விடை மாறுகிறது.

முதலாவது, ஓர் ஆசனம் பிடிபட்டதும் ஆசிரியை அதை நம்மிடமிருந்து பறித்துக் கொள்கிறார்! கணுக்காலைத் தொட்டுவிட்டேன் என்று நான் பெருமையாகப் பார்த்தால், "தோளைக் காதுக்குக் கொண்டு போகாதீர்கள், முதுகு கூன் விழுகிறது, எடை முழுதும் குதிகாலில் இருக்கிறது" என்று மூன்று குற்றம் சொன்னார். மூன்றும் உண்மை. முதல் மாதத்தில் அவர் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்காது. மலைக்கோட்டை ஏறும்போது தாயுமானவர் சந்நிதி வந்ததும் முடிந்தது என்று உட்காருகிறோம்; உச்சிப் பிள்ளையார் இன்னும் மேலே இருக்கிறார். அப்படித்தான்.

இரண்டாவது, நாள் தவறாமல் பாய் விரிப்பது. இதை யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலியே அறிந்திருந்தார். 200க்கும் குறைவான அவருடைய சூத்திரங்களில் ஆசனத்தைப் பற்றிப் பேசுபவை மூன்றுதான். இருப்பு அசையாததாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். பயிற்சியைப் பற்றிப் பேசும்போதோ, நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு செய்தால்தான் வேரூன்றும் என்கிறார். அந்தப் பதஞ்சலி அடங்கிய இடம் நம் மாவட்டத்திலேயே, சிறுகனூரிலிருந்து பிரிந்து போகும் திருப்பட்டூர்க் கோயிலில் இருப்பதாக மக்கள் நம்புகிறார்கள். அவரை ஆதிசேஷனின் அவதாரம் என்பது மரபு. அரங்கநாதர் பள்ளி கொண்டிருப்பதும் அதே ஆதிசேஷன் மீதுதான்.

ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் சொல்லும் குருபரம்பரைக் கதை ஒன்று இதற்கு மிகப் பொருத்தம். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் யோகத்திலும் வல்லவர். அவர் அந்த யோகத்தைக் குருகைக் காவலப்பன் என்ற சீடருக்குக் கற்பித்தார். நாதமுனிகளின் பேரரான ஆளவந்தார் அதைக் கற்க விரும்பிக் காவலப்பனைத் தேடிப் போனார். அவர், தாம் உலகை விட்டு நீங்கப் போகும் நாளைக் குறித்துக் கொடுத்து, அதற்கு முன் வந்து கற்றுக் கொள்ளச் சொன்னார். ஆளவந்தார் திருவனந்தபுரத்துக்கு யாத்திரை போயிருந்தபோது ஏதோ நினைவு வந்து ஓலையை எடுத்துப் பார்த்தார். குறித்த நாள் அன்றைக்கே! வருந்திப் பயன் என்ன? அந்த யோகம் அவருக்குக் கிடைக்காமலே போயிற்று. அவ்வளவு பெரிய ஆசாரியருக்கும் நாள் தவறியது என்றால், "அடுத்த சனிக்கிழமை பார்த்துக் கொள்ளலாம்" என்கிற நாம் எம்மாத்திரம்? ஐயங்காரின் குருவான கிருஷ்ணமாச்சாரியார் தம்மை இந்த நாதமுனிகளின் வழிவந்தவர் என்றே சொல்லிக் கொண்டார். 1952இல் சென்னைக்கு வந்து 1989இல் மறையும்வரை அங்கே வாழ்ந்த அவர், ஆளுக்கு ஏற்றபடி யோகத்தை மாற்ற வேண்டுமே தவிர யோகத்துக்கு ஏற்றபடி ஆளை வளைக்கக் கூடாது என்ற முறையில் கற்பித்தவர். அவருடைய மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய யோக மந்திரம் சென்னையில் இன்றும் நடைபெறுகிறது.

மூன்றாவது, மனம். இது எனக்கு எள்ளளவும் எளிதாகவில்லை என்று ஒப்புக் கொள்கிறேன். கண்ணை மூடி ஐந்து நிமிடம் அசையாமல் உட்காரச் சொன்னால், முதல் நிமிடத்தில் அடுப்பில் வைத்த பால், இரண்டாம் நிமிடத்தில் பத்தாம் வகுப்பின் இலக்கணத் தேர்வு, மூன்றாம் நிமிடத்தில் பஸ் என்று மனம் ஊர் சுற்றுகிறது. முதல் வாரத்தில் மூன்று இடம் சுற்றியது; இப்போது முப்பது இடம் சுற்றுகிறது. பயிற்சி ஆசிரியையிடம் முறையிட்டேன். "முன்பும் முப்பதுதான் சுற்றியது. இப்போதுதான் உங்களுக்குத் தெரிகிறது" என்றார். 18ஆம் நூற்றாண்டில் திருச்சி நாயக்க அரசில் உயர் பதவி வகித்து, மலைக்கோட்டையில் மௌனகுருவைக் கண்டு, பின் துறவு பூண்ட தாயுமானவரும், காட்டு விலங்கைப் பழக்குவதைவிட மனத்தை அடக்கிச் சும்மா இருப்பது அரிது என்ற கருத்தில்தான் பாடியிருக்கிறார். அதைப் பத்து ஆண்டுகளாக நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். பாயில் உட்கார்ந்த பிறகுதான் அது அணியலங்காரமன்று, அனுபவம் என்று தெரிந்தது.

தொடங்க விரும்பும் மாணவியருக்கும் தாய்மாருக்கும் சில வார்த்தைகள். சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். காலை இட்லிக்கு முன்பு செய்வதே சிறந்தது. தலைகீழாக நிற்கும் ஆசனங்களைப் படம் பார்த்துச் செய்யாதீர்கள், கழுத்துக்குக் கெடுதி. இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை நெருங்கவே வேண்டாம். மாதவிலக்கு நாட்களில் அவற்றை விட்டுவிட்டு இளைப்பாறும் ஆசனங்களை மட்டும் செய்யலாம். ஐயங்காரின் மகள் கீதா ஐயங்கார் பெண்களுக்கென்றே எழுதிய நூலில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். வாரம் ஒரு நாள் ஒன்றரை மணி நேரம் செய்வதைவிட நாள்தோறும் கால் மணி நேரம் நல்லது. பக்கத்துப் பாயைப் பார்க்காதீர்கள். (இது எனக்கு நானே சொல்லிக் கொள்வது.) 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 அன்று உலக யோக நாள் கொண்டாடுகிறோம். அன்று மைதானம் நிறைந்து விடுகிறது. ஜூன் 22 அன்று எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் யாராவது எண்ணினால் தேவலை.

கேள்வி கேட்ட மாணவி இப்போது என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நெற்றியே முழங்காலைத் தொடுகிறது. ஆனால் அவளுக்கும் ஓர் ஆசனம் இன்னும் வசப்படவில்லை. எல்லாவற்றிலும் சுலபம் என்று அவள் நினைத்த சவாசனம்தான். மல்லாந்து படுத்து, விழிப்போடு, அசையாமல் ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். இரண்டாம் நிமிடத்திலேயே தூங்கிவிடுகிறாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் தோளைத் தட்டி எழுப்புகிறேன்.